வெள்ளைக் குறி, நீலக் குறி: நின்று நின்று ஓடிய ஒரு குட்டி எஞ்சின்

பக்கத்து வீட்டுத் தம்பி அந்த விளையாட்டு ரயில் எஞ்சினைப் பழைய பிஸ்கட் டின் ஒன்றில் துணி சுற்றிக் கொண்டுவந்தான். "அண்ணே, இது நல்லா ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு நிக்கும். தட்டினா ஓடும். ஆனா இப்ப நீங்க வச்சா நிக்காது பாருங்க" என்றான். அவன் சொன்னபடியே ஆனது. என் தண்டவாளப் பலகையில் வைத்து இருபது நிமிடம் ஓட்டினேன், ஒரு தரம்கூட நிற்கவில்லை. மறுநாள் காலை ஆறரைக்குத் தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்து ஓட்டியபோது ஐந்து நிமிடத்தில் நாலு தரம் நின்றது.

எஞ்சின் எச்.ஓ அளவு, அதாவது உண்மையான எஞ்சினில் 87இல் ஒன்று. தண்டவாளத்திலிருந்து 12 வோல்ட் நேர்மின்னோட்டம் எடுத்து ஓடுவது. உடலுக்குக் கீழே வளைவுக்குத் தக்கபடி திரும்பும், ஆறு சில்லுள்ள இரண்டு சட்டங்கள் (போகிகள்), நடுவில் ஒரு மோட்டர். அவனுடைய மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஏதோ ஒரு டீசல் எஞ்சினின் மாதிரி அது. தம்பி அதற்கு நிறம் பூசி, 570 என்று இலக்கமிட்டு, பக்கவாட்டில் 'அல்பெர்ட்டா' என்று மெல்லிய தூரிகையால் எழுதியிருந்தான். கனடாவில் கட்டி 1954இல் நம் இலங்கைக்கு வந்த எம்2 எஞ்சின்களில் முதல் வந்தவைக்குக் கனடா மாகாணங்களின் பெயர்களையே வைத்தார்கள்: 569 ஒண்டாரியோ, 570 அல்பெர்ட்டா. அவற்றுக்கும் போகிக்கு மூன்று அச்சுகள்தான் என்பதைப் பார்த்துத்தான் இந்த உடலைத் தெரிந்தெடுத்தேன் என்றான். பதினான்கு வயதுப் பிள்ளை இவ்வளவு பார்த்துச் செய்த எஞ்சினை 'கோளாறு பிடிபடவில்லை' என்று திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் நான் செய்தது துப்புரவு. பாமசியில் வாங்கிய ஸ்பிரிட்டைப் பருத்தித் துணியில் நனைத்துத் தண்டவாளம் முழுக்கத் துடைத்தேன். சில்லுகளையும் அதே மாதிரி. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. தேய்த்த கோடுகளுக்குள்தான் அடுத்த அழுக்கு வேகமாகக் குடியேறும். மண்ணெண்ணெயால் துடைப்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அது எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும், பனிக்காலத்தில் அந்தப் படலத்தில் தூசி ஒட்டும். துடைத்து வைத்த எஞ்சின் இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள் காலை பழையபடி நின்றது.

அந்த இரண்டு நாளில் கோளாறு எங்கேயும் போகவில்லை. உடலைக் கழற்றி, போகியைப் பிடித்துத் திருப்பி, சில்லைத் துடைக்கும்போது உள்ளே ஏதோ ஒரு வயர் அரை மில்லிமீற்றர் நகர்ந்து நல்ல இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். விட்டு விட்டு வரும் மின்கோளாறில் எத்தனையோ பேர் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்வது இங்கேதான். கைவைத்த உடனே சரியாகிவிடுகிறது, கடைசியாக எதைத் தொட்டோமோ அதுதான் மருந்து என்று நம்பிவிடுகிறோம்.

சோக்கட்டி

எங்கள் பெரியப்பா முப்பது வருடத்துக்கு மேல் கோச்சி ரோட்டில், அதாவது ரயில் பாதையில், வேலை செய்தவர். நானுஓயாவிலிருந்து பட்டிப்பொல வரைக்கும், 1898 மீற்றர் உயரத்துக்கு ஏறும் அந்தப் பாதையின் ஒவ்வொரு சிலிப்பர் கட்டையும் அவருக்குப் பழக்கம். நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "எங்கெங்க நிக்குதுன்னு குறி போட்டியா?" என்று கேட்டார்.

"இல்லை பெரியப்பா. ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு எடத்துல நிக்குது."

"அதை நீ சொல்லக் கூடாது, சோக்கட்டி சொல்லணும். ஒரே எடத்துல குறி குவிஞ்சிச்சின்னா ரோட்டுக் கோளாறு. செதறிக் கெடந்தா வண்டிக் கோளாறு. பார்த்துட்டு வா."

போட்டேன். ஆனால் குறி போடும்போது இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன். இந்த எஞ்சினின் முன்விளக்கு மோட்டரோடு சேராமல் தனி வழியில் எரிவது. தண்டவாளத்திலிருந்து வரும் கரண்ட் உள்ளேயிருக்கும் சின்ன சர்க்கிட் பலகையில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று விளக்குக்கும் மற்றது மோட்டருக்கும் போகிறது. அப்படியானால், எஞ்சின் நிற்கும்போது விளக்கும் அணைந்தால் கரண்ட் பலகைக்கே வரவில்லை. தண்டவாளம், சில்லு, சில்லில் உரசிக் கரண்ட் எடுக்கும் தொடுதகடு, போகி வயர் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். விளக்கு எரிந்துகொண்டிருக்க எஞ்சின் மட்டும் நின்றால் கோளாறு பலகைக்கும் மோட்டருக்கும் இடையில், அல்லது மோட்டருக்குள். ஒரு சதமும் செலவில்லாத சோதனை இது. விளக்கில்லாத எஞ்சின் என்றால், பலகைக்குக் கரண்ட் வரும் இடத்தில் ஒரு ரெசிஸ்டரோடு சின்ன எல்ஈடி ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்திக்கொள்ளலாம்.

விளக்கணைந்து நின்ற இடத்துக்கு வெள்ளைச் சோக்கு. விளக்கெரிய நின்ற இடத்துக்கு நீலச் சோக்கு. மூன்று காலை, மூன்று மாலை ஓட்டினேன்.

தண்டவாளப் பலகையைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். வெள்ளைக் குறி 31, நீலக் குறி 12. வெள்ளையில் இரண்டு மூன்றைத் தவிர எல்லாமே வளைவுகளில். நீலம் வளைவு, நேர், ரயில் கேட் என்று பார்க்காமல் எங்கும் கிடந்தது. ஆனால் நீலம் ஒன்றுகூட மாலையில் விழவில்லை. எல்லாமே காலையில், அதுவும் ஓட்டத் தொடங்கி முதல் பத்து நிமிடத்துக்குள். இத்தனை நாளும் ஒரு கோளாறு என்று நினைத்து இரண்டைத் துரத்திக்கொண்டிருந்திருக்கிறேன். ஒன்றைச் சரிசெய்த நாளிலும் மற்றது நின்று காட்டியிருக்கும், நானும் செய்ததைக் கலைத்துவிட்டு வேறு பக்கம் போயிருப்பேன்.

வெள்ளைக் குறி

வளைவில் மட்டும் நிற்கிறது. எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன், அதே வளைவுகளில் நின்றது. பிறகு கையால் தூக்கி, முகத்தை மறுபக்கம் திருப்பி வைத்து ஓட்டினேன். ஒரு வெள்ளைக் குறியும் விழவில்லை. பின்னோக்கி ஓட்டுவதும் திருப்பி வைப்பதும் வேறு வேறு. பின்னோக்கி ஓட்டினாலும் வளைவு எஞ்சினின் அதே கைப்பக்கம்தான் இருக்கும், போகியும் உடலுக்குக் கீழே அதே பக்கம்தான் திரும்பி நிற்கும். திருப்பி வைத்தால்தான் போகி எதிர்ப்பக்கம் திரும்பும். ஆக, ஒரு போகி ஒரு பக்கம் திரும்பும்போது ஏதோ விட்டுப்போகிறது.

நம் மலையகப் பாதையின் மிக இறுக்கமான வளைவுகள் 5 செயின், ஏறத்தாழ 100 மீற்றர் ஆரம். 87இல் ஒன்றாக்கினால் 1.15 மீற்றர் வரும். என் பலகையில் இருப்பதோ 438 மில்லிமீற்றர் வளைவு. வீட்டில் இடம் அவ்வளவுதான். உண்மையான எஞ்சினின் போகி தன் வாழ்நாளில் காணாத அளவுக்கு இந்தக் குட்டி எஞ்சினின் போகி ஒவ்வொரு வளைவிலும் திரும்பி நிமிர்கிறது. போகியிலிருந்து மேலே பலகைக்குப் போகும் வயரும் ஒவ்வொரு தரமும் அதே இடத்தில் மடிந்து நிமிர்கிறது.

ரெஜிபோம் துண்டில் பள்ளம் வெட்டி எஞ்சினைக் கவிழ்த்து வைத்தேன். மெல்லிய பித்தளைத் தகடு இரண்டைச் சில்லுகளில் இரு பக்கமும் உரசவிட்டு, கரண்டை முன்போகிக்கு மட்டும் கொடுத்தேன். ஓடியது. போகியை விரலால் இடப்பக்கம் திருப்பினேன், ஓடியது. வலப்பக்கம் திருப்பினேன், நின்றது. மீண்டும் இடம், ஓடியது. வலம், நின்றது. கோளாறு கேட்டபோதெல்லாம் வந்து போனது. அதற்குப் பிறகு எனக்குப் பதற்றமே இல்லை. வரச் சொன்னால் வரும் கோளாறு பாதி பிடிபட்ட கோளாறு.

பின்போகிக்கு மட்டும் கரண்ட் கொடுத்தபோதுதான் அடுத்த விஷயம் தெரிந்தது. அது திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் திக்கித் திக்கித்தான் ஓடியது. இரண்டு போகியும் தண்டவாளத்திலிருந்து கரண்ட் எடுப்பவை. ஒன்று விட்டாலும் மற்றது தாங்கும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். பின்போகி எப்போதோ படுத்துவிட்டது, முன்போகி தனியே சுமந்திருக்கிறது, அதனால் யாருக்கும் தெரியவில்லை. முன்போகி வயர் கெட்ட பிறகுதான் எஞ்சின் நிற்கத் தொடங்கியிருக்கிறது. எஞ்சின் நன்றாக ஓடுகிற காலத்திலும் ஒவ்வொரு போகியையும் தனித்தனியே ஓட்டிப் பார்ப்பதை நான் அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன்.

முன்போகியின் வலப்பக்க வயருக்கு மல்டிமீட்டரை வைத்தேன். 'பீப்' என்று தெளிவாகச் சத்தம். போகியைத் திருப்பினாலும் பெரும்பாலும் சத்தம் வந்தது. இதை நம்பியிருந்தால் அந்த வயரை நல்லது என்று விட்டிருப்பேன். மீட்டர் அந்தச் சோதனைக்கு அனுப்பும் கரண்ட் மிக மிகக் கொஞ்சம். தொட்டும் தொடாமலும் இருக்கும் இரு முனைகளிலும் அது கடந்துவிடும். மோட்டருக்கு அதைப்போல நூறு மடங்குக்கு மேல் வேண்டும். அதனால் சுமை ஏற்றித்தான் வயரைச் சோதிக்க வேண்டும். மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரை வோல்ட்டுக்கு மாற்றி, ஒரு முனையைச் சில்லிலும் மறுமுனையைப் பலகையில் அந்த வயர் போய்ச் சேரும் இடத்திலும் வைத்தேன். நல்ல வயர் என்றால் இரண்டுக்கும் இடையில் அநேகமாக ஒன்றும் காட்டக் கூடாது. போகி நேராக இருக்கும்போது 0.1 வோல்ட். வலப்பக்கம் திருப்பத் திருப்ப 2, 5, 3, 8 என்று துள்ளி, மோட்டர் நின்றபோது 12. மோட்டருக்குப் போகவேண்டிய வோல்ட் முழுவதும் அந்த ஒரு சாண்கூட இல்லாத வயரில் தொங்கியது.

உறையைப் பிளந்து பார்த்தேன். வெளியே கீறல் ஒன்றும் கிடையாது. உள்ளே ஏழு இழையும், ஈயம் வைத்த இடத்திலிருந்து மூன்று மில்லிமீற்றர் தள்ளி அறுந்து, முனைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஈயம் வைக்கும்போது அது இழைகளின் ஊடே கொஞ்சத் தூரம் ஊறி ஏறும். ஊறிய வரைக்கும் வயர் ஊசி மாதிரி விறைத்துவிடும். விறைத்த பகுதி முடிந்து வளையும் பகுதி தொடங்கும் அந்த ஓரத்தில்தான் எல்லா மடிப்பும் விழுகிறது. போகி வயர்கள் அறுவது அநேகமாக அங்கேதான், வேறெங்கும் தேடுவதற்கு முன்னால் அங்கே பாருங்கள்.

பழைய வயரை முழுதாக எடுத்துவிட்டு, சிலிக்கோன் உறையும் 11 நுண்ணிழையும் கொண்ட 30 கேஜ் வயர் போட்டேன். தலைமுடி மாதிரி துவண்டு விழும் வயர் அது. ஈயத்தைக் குறைவாகவும் விரைவாகவும் வைத்து, வயரை நேரே இழுக்காமல் ஒரு வளையம் விட்டு, வளையத்துக்குக் கீழே ஒரு சொட்டுப் பசையால் போகியோடு பிடித்துவைத்தேன். இனி மடிப்பு ஓர் இடத்தில் விழாது, வளையம் முழுக்கப் பரவும். மற்ற மூன்று போகி வயர்களும் அதே வயது, அதே மடிப்பு. கேட்காமலே அவற்றையும் மாற்றினேன்.

பின்போகியைக் கழற்றினால் சில்லின் பின்புறத்தைத் தொடவேண்டிய தகடுகள் தெரியவே இல்லை. அச்சு மூன்றிலும் மெரூன் நிறக் கம்பளி நூல், எண்ணெயில் ஊறிக் கறுத்து, கயிறு திரித்த மாதிரி இறுகியிருந்தது. தகடுகளைச் சில்லிலிருந்து அந்த நூல்தான் தள்ளிப் பிடித்திருக்கிறது. தம்பியைக் கேட்டேன். குளிருக்காகக் கட்டிலில் கம்பளி போர்த்திக்கொண்டு, அதன் மேலேயே தண்டவாளம் போட்டு ஓட்டியிருக்கிறான். இந்தக் குளிரில் அவனைக் குறை சொல்ல முடியாது. ஒரு பலகைத் துண்டு கொடுத்தனுப்பினேன். இடுக்கியால் நூலைப் பிடுங்கி, ஸ்பிரிட்டால் கழுவி, தகடுகளைச் சில்லை மெல்லத் தொடும்படி வளைத்தேன். அதிகம் அழுத்தினால் சில்லு உருளாமல் சறுக்கும். அச்சுக்கு எண்ணெய் ஊசி நுனியில் தொங்கும் ஒரு துளி போதும். வழிந்தால் சில்லுக்கும் தகட்டுக்கும் போய்ச்சேரும், நூலையும் தூசியையும் பிடித்துவைக்கும்.

அன்று மாலை ஒரு மணி நேரம் ஓட்டினேன். வெள்ளைக் குறி ஒன்றும் இல்லை.

நீலக் குறி

மறுநாள் காலை நீலம் விழுந்தது. விளக்கு அழகாக எரிகிறது, எஞ்சின் கல்லாக நிற்கிறது.

முதல் சந்தேகம் மோட்டரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டுகள் மேல். எடுத்துப் பார்த்தேன்: நீளம் போதும், ஸ்பிரிங்குக்கு உயிர் இருந்தது. அவை உரசும் கொம்யூட்டேட்டரைப் பல் குத்தும் குச்சியில் பஞ்சு சுற்றி ஸ்பிரிட்டால் துடைத்தேன், இடுக்குகளில் இருந்த கரித்தூளையும் வழித்தெடுத்தேன். அடுத்த காலை மறுபடியும் நீலம். சரி, மோட்டர் இல்லை.

காலையில் மட்டும், முதல் பத்து நிமிடம் மட்டும் என்றால் குளிர்தான் சாவி. நானுஓயாவில் தை மாதத்துக் குளிரை எதற்காவது பயன்படுத்திக்கொள்ள முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. உடல் கழற்றிய எஞ்சினைக் காற்றுப் புகாத பொலித்தீன் பையில் மூடி, இரவு முழுக்க ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். பை அவசியம். இல்லையென்றால் பனி ஈரம் பலகையில் படிந்து இன்னொரு கோளாறைக் கொண்டுவரும். காலை ஐந்தரைக்கு அறையில் 11 பாகை. எஞ்சின் இரண்டாவது நிமிடத்தில் நின்றது, தட்டினாலும் அசையவில்லை.

நின்ற நிலையிலேயே விட்டு, கரண்டை நிறுத்தாமல், ஹெயார் டிரையரின் வாயில் காகிதக் கூம்பு ஒன்றைப் பொருத்தினேன், சூடு விரலளவு இடத்தில் மட்டும் விழும்படி. முதலில் மோட்டரில் பிடித்தேன். ஒன்றுமில்லை. பலகையின் முன்பாதி, ஒன்றுமில்லை. பின்பாதியில் பிடித்த பத்து விநாடிக்குள் மோட்டர் துள்ளி ஓடியது. ஆறவிட்டு இன்னும் இரண்டு தரம் செய்தேன், இரண்டு தரமும் அதே இடம்.

பூதக்கண்ணாடியில் பார்த்தால், அங்கே மோட்டருக்குப் போகும் வழியில் நிற்கும் சோக் கொயில் என்ற கம்பிச் சுருளின் ஒரு காலைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை வட்டம். கால் ஈயத்துக்குள் நிற்கிறது, ஈயம் காலைப் பிடிக்கவில்லை. மரக்குச்சியால் கொயிலை ஒரு பக்கம் சாய்த்தால் ஓடியது, விட்டால் நின்றது. உலோகமும் பலகையும் சூட்டிலும் குளிரிலும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. அதோடு பாரமான கொயில் நீண்ட கால்களில் நின்று அதிரும். இரண்டும் சேர்ந்து அந்த வட்டத்தை வெட்டியிருக்கின்றன. குளிரில் விரிசல் திறக்கிறது. ஓடி ஓடி மோட்டர் சூடேறினால், அந்தச் சூட்டில் மூடுகிறது.

விரிசலுக்கு மேலேயே ஈயத்தை அப்பினால் கொஞ்ச நாளில் திரும்ப வரும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, காலைச் சுரண்டிப் பளிச்சென்று ஆக்கி, ஈயம் பிடிக்க உதவும் பிளக்ஸ் தடவி, புது 60/40 ஈயம் வைத்தேன். ஈயம் காலில் ஏறி, எரிமலை மாதிரிச் சரிந்து பளபளக்க வேண்டும். உருண்டையாகத் திரண்டு நின்றால் அது பிடிக்கவில்லை. கொயிலுக்குக் கீழே ஒரு சொட்டுச் சிலிக்கோன் பசை, அதிராமல் இருக்க. அந்தக் கொயிலையே வெட்டியெறிந்து நேரே வயர் கொடுப்பவர்களும் உண்டு. நான் செய்யமாட்டேன். கரித்துண்டுப் பொறியால் ரேடியோவில் வரும் இரைச்சலைத் தடுக்கத்தான் அது இருக்கிறது, பெரியப்பா காலைச் செய்தி கேட்கிற ரேடியோ அடுத்த அறையில்.

இதையெல்லாம் கேட்ட நண்பர் ஒருவர், கரண்டைக் கொஞ்சம் சேர்த்துவைக்கும் ஒரு பெரிய கெப்பாசிட்டரைப் போட்டிருந்தால் நிற்காமல் ஓடியிருக்குமே என்றார். டிஜிட்டல் முறையில் ஓடும் எஞ்சின்களுக்கு அது மிகவும் தேவைதான். அங்கே கண்ணிமைக்கும் நேரம் கரண்ட் விட்டாலும் உள்ளேயிருந்து கட்டளைகளைப் படிக்கும் டிகோடர் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், சத்தம் உள்ள எஞ்சின் என்றால் ஓடும்போதே புதிதாக ஸ்டார்ட் ஆகும். ஆனால் கெப்பாசிட்டர் தண்டவாள அழுக்கைத் தாண்டுவதற்கு. அறுந்த வயரை மூடி மறைப்பதற்கு அல்ல. முதலில் அதைப் போட்டிருந்தால் வெள்ளைக் குறிகள் எல்லாம் மறைந்திருக்கும், வயர் அப்படியே இருந்திருக்கும், எந்தப் போகி எப்போது படுத்தது என்று எனக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது. நீலக் குறிக்கு அது உதவியிருக்கவும் மாட்டாது, முறிந்தது கெப்பாசிட்டருக்கு அப்பால்.

அடுத்த நாலு காலையும் பையில் வைத்துக் குளிரவிட்டு ஓட்டினேன், ஒவ்வொரு நாளும் நாற்பது நிமிடம். எஞ்சினைத் திருப்பித் திருப்பி வைத்தேன். சனிக்கிழமை தம்பி வந்தான். அவனே ரெகுலேட்டரைத் திருப்பினான், அல்பெர்ட்டா நாலு பெட்டியை இழுத்துக்கொண்டு போனது. பெரியப்பா ஈரத்துணியால் சோக்குக் குறிகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் நிறுத்தி, "இங்க மூணு வெள்ளக் குறி ஒண்ணா கெடக்குதே, இது வண்டி இல்ல" என்றார்.

உண்மைதான். அங்கே தண்டவாளம் பிரியும் பொயிண்டுக்குப் போகும் இணைப்புத் தகடு தளர்ந்திருக்கிறது, விரலால் அழுத்தினால் அசைகிறது. அந்த இணைப்பின் இரு புறமும் உள்ள தண்டவாளத் துண்டுகளை வயர் ஒன்றால் ஈயம் வைத்து இணைக்க வேண்டும். அந்த மூன்று குறியையும் அழிக்காமல் விடச் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு.